நீ சொன்ன அலை

பெஸ்தாரி ஜெயா, மலேசியா
28 ஜனவரி 2024

அன்புள்ள சேகரா,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முருகப் பெருமானைத்தான் கேட்க வேண்டும். தைப்பூசம் நெருங்கினால் இந்த வட்டாரத்துக் காவடிக் குழுக்களெல்லாம், போன வருடம் மழையில் நனைத்து மூலையில் போட்ட ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுகின்றன. எல்லாருக்கும் மறுநாளே வேண்டும். வியாழக்கிழமையோடு அந்தக் கூத்து ஓய்ந்தது. இன்று ஞாயிறு. கடைக்கதவை இழுத்து மூடிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் எது சரியாக வெளுக்கவில்லை என்று இங்கிருந்தே சொல்கிறார். மகள் யுனிசெல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், வீட்டிலிருந்தே மோட்டாரில் போய் வருகிறாள். நீ கேட்ட மற்றக் கேள்விக்குத்தான் இந்த நீளக் கடிதம். ஆமாம், நம் ஆழ்கடல் படம் ‘தி அபிஸ்’ உண்மையாகவே ப்ளூ-ரேயும் 4கேயுமாக, டிவிடியைவிடத் துல்லியமான புதிய வட்டில் வருகிறது. இந்த முறை வதந்தி இல்லை. மார்ச் 12.

எத்தனை வதந்தி பார்த்துவிட்டோம்! படம் அமெரிக்காவில் வெளியானது 1989 ஆகஸ்டில். டிவிடி 2000-இல் வந்தது. 2006-இல் ப்ளூ-ரே பிறந்ததும் ஒவ்வொரு வருடமும் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று யாராவது சொல்வார்கள். ஜேம்ஸ் கேமரூனின் பெரிய படங்களில் ‘ட்ரூ லைஸ்’, ‘தி அபிஸ்’ இரண்டும்தான் விடுபட்டுக் கிடந்தன. எலிக் காட்சிதான் காரணம் என்று நீ அடித்துச் சொன்னாய். ஆக்சிஜன் கலந்த திரவத்தில் உயிருள்ள எலியை அமுக்கி, அதைத் திரவத்தையே சுவாசிக்க வைத்த காட்சி. பிரிட்டனில் அதை வெட்டித்தான் அனுமதித்தார்கள் என்பது உண்மை. ஆனால் வட்டு வராததற்கு அது காரணமாக எனக்குத் தோன்றவில்லை. கேமரூனே பேட்டிக்குப் பேட்டி சொல்லி வந்தது இதுதான்: புதிய பிரதி எடுத்தாயிற்று, தான் உட்கார்ந்து நிறமும் ஒளியும் சரிபார்ப்பதுதான் பாக்கி. அந்த மனிதருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ‘அவதார்’ இரண்டாம் படத்தை முடிக்க 2022 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் 2012-இல் தனியாளாகக் கலத்தில் ஏறி மரியானா அகழியின் அடிக்கு, ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழத்துக்கு, இறங்கிவிட்டு வந்தார். கடலின் அடிக்குப் போக நேரம் இருந்தது, கடலைப் பற்றிய தன் படத்தைப் பார்த்துச் சரிசெய்ய நேரம் இல்லை! 2019-இல் படத்துக்குச் சொந்தமான ஃபாக்ஸ் நிறுவனமே டிஸ்னியின் கைக்குப் போனபோது, இனி அவ்வளவுதான் என்று நான் விட்டுவிட்டேன்.

போன டிசம்பர் 6-ஆம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே ஒரு நாள் புதிய பிரதியைத் திரையிட்டார்கள். அதே மாதம் 12-ஆம் தேதி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. வட்டு அதிலிருந்து மூன்று மாதம் கழித்து. நீ பெர்த்திலிருந்து “அதான் இணையத்தில் வந்துவிட்டதே, வட்டுக்கு ஏன் அலைகிறாய்” என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். என் கடை அலமாரியில் இருக்கும் பொருளை, நான் தூங்கி எழுவதற்குள் எந்த நிறுவனமும் எடுத்துக்கொண்டு போக முடியாது. போன வாரம் இருந்த படம் இந்த வாரம் காணவில்லை என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து தொலைக்காட்சியைப் பழுதுபார்க்கச் சொல்கிறார்கள், தெரியுமா? தொலைக்காட்சியில் பழுதில்லை அண்ணே, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று எத்தனை பேருக்கு விளக்குவது?

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒளிநாடாக் கடை உனக்கு நினைவிருக்கும். முன்வரிசை முழுவதும் தமிழ்ப்படம். பின்சுவரில், கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், ஆங்கிலப் படங்கள். அங்கே நாம் எடுத்த ‘தி அபிஸ்’ நாடா நகலின் நகல். தண்ணீருக்குள் நடக்கும் படத்தில் எது தண்ணீர், எது நாடாவின் தேய்மானம் என்று பிரிக்க முடியவில்லை. இந்த ஊர் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூசணம் பிடித்துவிடும். அது ப்ளேயரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நாடாவையும் கெடுக்கும். இன்றைக்கும் என் வருமானத்தில் ஒரு பகுதி அந்தப் பூசணத்தில்தான் வருகிறது. பழைய கல்யாண கேசட்டுகளைக் கொண்டுவந்து, செத்துப்போன அப்பாவின் முகம் தெரிகிற மாதிரி எடுத்துக் கொடுங்கள் என்பார்கள்.

அந்த நாடாவைப் பற்றி ஒரு விசித்திரம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அகலத்திரைப் படத்தைச் சதுரத் தொலைக்காட்சிக்கு மாற்றினால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும், அதுதான் வழக்கம். ஆனால் கேமரூன் இதை சூப்பர் 35 முறையில் எடுத்தார். திரையரங்குக்காக மறைத்த மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் நாடாவுக்காகத் திறந்துவிட முடிந்தது. அதனால் சில காட்சிகளில், மங்கலாக இருந்தாலும், திரையரங்கில் பார்த்தவர்களைவிட நாம் கூடுதலாகவே பார்த்திருக்கிறோம். தோட்டத்துப் பையன்களுக்கு எதிலாவது கூடுதலாகக் கிடைத்தது என்றால் அது இதில்தான்.

இனி, படத்தின் சின்ன வடிவமா பெரிய வடிவமா என்ற நம் பழைய சண்டைக்கு வருகிறேன்.

நாம் நாடாவில் பார்த்தது திரையரங்கில் ஓடிய சின்ன வடிவம். 1993-இல் அரை மணி நேரம் போலக் கூட்டி, 171 நிமிட வடிவம் லேசர் டிஸ்க்கில் வந்தது. லேசர் டிஸ்க் வைத்திருந்தவரை இந்த ஊரில் எனக்குத் தெரியாது. நீதான் செந்தூலில் உன் மாமாவின் முதலாளி வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்தாய். மறுநாள் ரவாங் தொழிற்சாலை பஸ்ஸில், நம் தோட்டத்து வளைவிலிருந்து தொழிற்சாலை வாசல் வரைக்கும், நாடாவில் இல்லாத அரை மணி நேரத்தை எனக்கு நடித்துக் காட்டினாய். உலகத்துக் கடற்கரை எல்லாவற்றிலும் தண்ணீர் எழும்புகிறது. மலை உயரத்துக்கு எழுந்து ஊரின் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. நிற்கிறது, விழவில்லை! நீ இரண்டு கையையும் தூக்கியபடி அப்படியே நின்றாய். பின்னால் இருந்த அக்காக்கள்கூட பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, உட்கார் என்று அதட்டியதும்தான் உன் அலை வடிந்தது.

அதன்பின் பல வருடம் எனக்கு அந்தப் படத்தின் பெரிய வடிவம் என்றால் நீ சொன்னதுதான். டிவிடி வந்தபின் ஒருவழியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். எந்த மண்டலத்து நாடுகளுக்கு விற்கிறார்களோ அந்த மண்டலத்து ப்ளேயரில் மட்டும் ஓடும்படி வட்டைப் பூட்டியிருப்பார்கள். அது மண்டலம் 1 வட்டு, நம் நாடு மண்டலம் 3. ரிமோட்டில் மறைவான எண்களை வரிசையாக அழுத்தி ப்ளேயரின் பூட்டைத் திறந்தேன். தொழில் தெரிந்தவனுக்கு அந்த ஒரு சலுகை. அலை வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ எழுப்பிய அலையில் பாதி உயரம்கூட இல்லை சேகரா.

அந்த டிவிடியை இப்போதைய அகலத் தொலைக்காட்சியில் போட்டால் இன்னொரு கொடுமை. பழைய சதுரத் திரைக்காகச் செய்ததால், மேலும் கீழும் கறுப்பு, இடமும் வலமும் கறுப்பு, நடுவில் சன்னல் மாதிரி கொஞ்சம் படம். 2000-இல் அதைக் குறை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் உலகத்திலேயே இதற்கு இருந்த ஒழுங்கான வட்டு இதுதான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எந்த வடிவம் சிறந்தது என்பதில் என் கட்சி மாறவில்லை. சின்னதுதான். உன் வாதம் எனக்கு மனப்பாடம்: அலை இல்லையென்றால், கடலடியில் வாழும் அந்த வேற்று உயிர்கள் எதற்காக மேலே வருகிறார்கள் என்பதே விளங்காது. அணுகுண்டு, ரஷ்யா, அமெரிக்கா என்று முதல் பாதியில் கட்டிய முடிச்சு அவிழாமலே போகும். சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்த இடத்தில் சின்ன வடிவம் நொண்டுகிறது. ஆனால் பெரிய வடிவத்தில் அவர்கள் கதாநாயகனை உட்காரவைத்துத் தொலைக்காட்சிச் செய்தி போல மனிதர்களின் போர்களை எல்லாம் ஓட்டிக் காட்டுகிறார்கள். பிறகு அலையை எழுப்பி மிரட்டுகிறார்கள். பிறகு, அவன் மனைவிக்குத் தட்டெழுதி அனுப்பிய செய்தியைக் காட்டி, இதற்காக விட்டுவிட்டோம் என்கிறார்கள். பள்ளியில் திங்கட்கிழமைச் சபைகூடலில் நின்றது மாதிரி இருக்கிறது எனக்கு.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் காட்சியை நான் ஓடவிட்டதில்லை. பினாங்கு, கெடா கரைகளில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஆச்சேயிலும் நாகப்பட்டினத்திலும் போனவர்களுக்கு எதிரில் அது சிறிய எண்ணிக்கை என்று சொல்வார்கள். கோலா மூடாவில் ஒரு மாதம் கழித்து மின் வேலைக்காகப் போயிருந்தேன். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை என் மார்புக்கு மேல் இருந்தது. மனிதனுக்குப் புத்தி சொல்வதற்காக எழுந்து நிற்கிற அலை என்ற கற்பனையை அதற்குப் பிறகு என்னால் இருக்கையில் சாய்ந்துகொண்டு பார்க்க முடியவில்லை. படம் எடுத்தவர் மேல் இதில் தப்பில்லை. அவர் 1989-இல் யோசித்தது அணுகுண்டைப் பற்றி.

எனக்கு இந்தப் படம் என்றால் அந்தச் சின்ன நீர்மூழ்கிக் கலத்துக்குள் இருக்கும் இரண்டு பேர்தான். விவாகரத்தின் வாசலில் நிற்கும் கணவன், மனைவி. தண்ணீர் ஏறுகிறது. மூச்சுக் கவசம் ஒன்றுதான். நான் மூழ்கிவிடுகிறேன், நீ என்னை இழுத்துக்கொண்டு நீந்து, அங்கே போய் உயிர் கொடு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறாள் அவள். அதற்குப் பிறகு வரும் அந்த ஐந்து, ஆறு நிமிடங்களுக்கு அலையும் வேண்டாம், வேற்று உயிரும் வேண்டாம். ஈயக்குட்டையில் குளிக்கப் போய்ப் பிணமாகத் திரும்பிய பையன்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள், யாரும் கண் விழித்ததில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தபோது அவள் விழித்ததும் உன் அண்ணன் எழுந்து வெளியே போனார். அவர் ஏன் போனார் என்று அன்றைக்கு நாம் இருவரும் கேட்கவில்லை.

படம் எடுத்த இடத்தைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? தென் கரோலைனாவில் காஃப்னி என்ற ஊருக்குப் பக்கத்தில், கட்டி முடிக்காமலே கைவிட்ட அணுமின் நிலையம். அணு உலைக்காகக் கட்டிய அந்தப் பிரம்மாண்டக் கான்கிரீட் தொட்டியில் 75 லட்சம் கேலன் தண்ணீரை நிரப்பி, அதற்குள்ளே ஆழ்கடலை உண்டாக்கினார்கள். ஈயம் எடுத்தவர்கள் விட்டுப்போன பள்ளத்தில் மழை நிரம்பி நமக்குக் குட்டை கிடைத்த மாதிரிதான், அவர்களுக்கும் யாரோ விட்டுப்போன குழி. பகல் வெளிச்சம் உள்ளே வராமல் இருக்கத் தண்ணீரின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டி மிதக்கவிட்டார்கள். தண்ணீர் கெடாமல் இருக்கக் கலந்த குளோரினில் ஆட்களின் தலைமுடி வெளுத்துத் தோல் எரிந்தது. தலைக்கவசத்துக்குள்ளேயே ஒலிவாங்கி வைத்து, நடிகர்கள் தண்ணீருக்கடியில் பேசியதை நேரடியாகப் பதிவு செய்தார்கள். ஈரத்தில் ஒலிபெருக்கிகளோடு போராடுகிறவன் என்ற முறையில் நான் எழுந்து நின்று கும்பிடுவது இதற்குத்தான். எல்லாரும் கொண்டாடுவது, கடலடி உயிர்கள் கலத்துக்குள் நீட்டும் அந்தத் தண்ணீர்த் தும்பிக்கையை: முழுக் கணினி வேலை, மொத்தம் 75 வினாடி, அதற்குப் பல மாத உழைப்பு, கடைசியில் ஆஸ்கார் விருது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது என் பயம். புதிய பிரதிகளைக் கணினி நிரல் வைத்துத் துடைத்திருக்கிறார்கள் என்று டிசம்பரிலிருந்தே புகைச்சல். ‘ட்ரூ லைஸ்’ பார்த்தவர்கள் முகங்களில் மெழுகு பூசியது போல் இருக்கிறது என்று திட்டுகிறார்கள். ‘தி அபிஸ்’ பரவாயில்லை, நன்றாகவே வந்திருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலில் ஒன்று தெரியும். கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்கும் பொத்தானைக் கொஞ்சம் கூட அழுத்தினால், பெண்ணின் பட்டுப்புடவைச் சரிகை காணாமல் போய்விடும். இரைச்சல் எது, சரிகை எது என்று அதற்குத் தெரியாது. படச்சுருளின் மணல் மணலான துகள்தான் அந்தப் படத்தின் தோல். சூப்பர் 35-இல் சுருளின் குறைந்த பரப்பைத்தான் பயன்படுத்துவார்கள், அதனால் துகள் இன்னும் தடித்துத் தெரியும். தெரியட்டுமே! கடலின் அடியில் எல்லாம் பளிங்கு மாதிரி தெரிந்தால் அங்கே இருட்டு எதற்கு?

வாங்கும் விஷயம். நம் ஊரில் வட்டு விற்கும் கடை ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவிலேயே பெஸ்ட் பை என்ற பெரிய மின்சாதனக் கடை நிறுவனம் இந்த வருடத்தோடு பட வட்டு விற்பனையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்குக் கடை அடைக்கிற நேரத்தில் சரக்கு வருகிறது. அமெரிக்க டாலர் 4 வெள்ளி (ரிங்கிட்) 70 காசைத் தாண்டி நிற்கிறது. போதாததற்கு, 500 வெள்ளிக்கு மேற்போகாத பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி என்று இந்த ஜனவரி முதல் தேதியில்தான் தொடங்கியிருக்கிறார்கள். எனக்காகவே காத்திருந்து போட்டது போல.

நீயும் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனி. 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும். ஆனால் பெட்டிக்குள் கூடவே வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருந்தாலும் இருக்கலாம். மலேசியா மண்டலம் ஏ, அமெரிக்காவும் ஏ. ஆஸ்திரேலியா பி. படமெடுத்த கதையைச் சொல்லும் அந்த ஒரு மணி நேர ஆவணப்படம் ப்ளூ-ரேயில்தான் இருக்கும். எனக்கு ஓடி உனக்கு ஓடாமல் போனால் நான் சிரிப்பேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். 4கே ப்ளேயர் என்னிடம் இல்லை. பழுது பார்க்க வந்து, உரியவர் திரும்பி வராத ஒன்று கடையில் தூங்குகிறது. லென்ஸ் மாற்றினால் எழுந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஊர் நிலவரம் கேட்டிருந்தாய். பெயர் மாறிப் பதினாறு, பதினேழு வருடம் ஆகியும் அம்மாவுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். நம் லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, பால்மரம் ஒன்றுகூட இல்லை. கோயில் மட்டும் அதே இடத்தில், செம்பனைக்கு நடுவில். திருவிழாவுக்கு ரவாங், காப்பார், கிள்ளான் என்று போனவர்களெல்லாம் காரில் வந்து இறங்குகிறார்கள். குட்டைகளைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், வேலியில் ஓட்டையும் இருக்கிறது, தூண்டிலோடு ஆட்களும் இருக்கிறார்கள்.

ஜூனில் வருவதாக எழுதியிருக்கிறாய். வட்டு அதற்குள் வந்துசேர்ந்துவிடும். நீ வரும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்காதே, அது நடக்காது. சின்ன வடிவத்தை வந்த அன்றே பார்த்துவிடுவேன். பெரிய வடிவத்தை மட்டும் உனக்காக விட்டுவைக்கிறேன். அலை வரும் இடத்தில் நீ பக்கத்தில் இருந்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். உன் அண்ணனையும் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன். இப்போது தஞ்சோங் காராங்கில் மகனோடு இருக்கிறார். நான் கேட்பதைவிட நீ கேட்டால் வருவார். பள்ளி விடுமுறை எப்போது என்று பார்த்துவிட்டுத் தேதியை எழுது, டிக்கெட் போடும் முன் எழுது. போன தடவை மாதிரி சுபாங் விமான நிலையத்தில் இறங்குவதாகச் சொல்லிவிட்டு சிப்பாங்கில் இறங்காதே.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மாறன்